மைதானத்தின் நடுவே இரண்டு நிமிஷம்

"அவுட்!" என்று சுந்தரராஜன் கையை உயர்த்தியபோது, பந்து, பிடித்தவனின் கையுறையிலிருந்து நழுவிப் புல்லில் உருண்டுகொண்டிருந்தது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர மைதானமே கூச்சல் போட்டது. அடிக்கிறவனுக்குப் பின்னால் நின்ற இன்னொரு அம்பயர் உமாபதி பெருமூச்சு விட்டான். அமெரிக்கச் சிப்பாய்கள் கற்றுக்கொடுத்த பேஸ்பாலுக்கு அம்பயர் கிடைக்காமல், 'கிரிக்கெட் தெரிந்தவர்கள்தானே' என்று ஜெர்மன்காரர்கள் இந்த இரண்டு தமிழர்களைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

சக அம்பயர் தப்பாகச் சொன்னால் நின்ற இடத்திலிருந்து கத்தக் கூடாது. நடந்து போய்க் காதோடு சொல்ல வேண்டும். அவரேதான் தீர்ப்பை மாற்ற வேண்டும். அதுவரை வேறு யாரும் கிட்டே வரக் கூடாது.

உமாபதி நடந்தான்.

"சார், பந்தை விட்டுட்டான்."

"அப்படியா? வெயில்ல தெரியலைப்பா. ஜுரம் விட்டுதா? ரெண்டு ஞாயிறா ஆளையே காணோமே?"

"விட்டுது சார். தீர்ப்பு..."

"மாத்திடலாம், இரு. கஷாயம் ஏதாவது வெச்சுக் குடிச்சியா?"

"சுக்குக்கு இங்க எங்க சார் போறது?"

"என்கிட்ட இருக்கே!"

தீர்ப்பு மாறியது. உமாபதிக்குத்தான் மனசு கனத்தது. வாரம் முழுக்க யந்திரங்களோடும் அரைகுறை ஜெர்மனோடும் மல்லுக்கட்டு. அறைக்குத் திரும்பினால் நான்கு சுவர். தமிழில் வாய் திறப்பது இங்கேதான். சுந்தரராஜனோ பெரிய என்ஜினீயர். 'அறைக்கு வாங்க சார்' என்று கூப்பிட நாக்கு எழவில்லை. இப்படியே தப்புச் செய்தால் கிளப்பில் அவரை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் யாரோடு பேசுவது?

இடைவேளையில் ஒரு யோசனை சொன்னான்.

"சார், தப்புன்னா நான் தொப்பியைத் தொடறேன். நீங்களே மாத்திடுங்க. நான் நடந்து வந்தா ஊருக்கே தெரியுது."

"நல்ல ஐடியா" என்றார். முகம் ஏனோ சுருங்கியது.

ஆட்டம் தொடங்கியதும், பந்துக்கு முன்பே ஓடி வந்து, தரையிலுள்ள பேஸ் மெத்தையைத் தொட்டு நின்றவனை "அவுட்!" என்றார். உமாபதி தொப்பியைத் தொட்டான். சுந்தரராஜன் வானத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றியே ஆட்டினான். அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டினார்.

"யாருக்கு டாட்டா காட்டுகிறாய்?" என்று ஒரு பயிற்சியாளர் அலற, உமாபதி நடந்தே போனான்.

"வாப்பா! சுக்கு சொன்னேனே, மிளகும் இருக்கு."

"சார், அவன் எப்பவோ வந்து சேர்ந்துட்டான்!"

இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தான். உடனே, பேஸுக்குப் பத்தடி முன்னாலேயே தடுக்கி விழுந்து, முதுகில் பந்தால் தொடப்பட்டு அவுட்டானவனை "சேஃப்!" என்றார் சுந்தரராஜன். விழுந்தவனே சிரித்துவிட்டான். இரண்டு பயிற்சியாளர்களும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்று கத்தினார்கள்.

உமாபதி ஓடினான்.

"சார், கண் டாக்டரைப் பாருங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"எப்ப? நாளைக்கா?" என்றார் பளிச்சென்று.

ஆட்டம் முடிந்ததும், ஸ்கோர் எழுதும் கிழவி விங்க்லரிடம் போய் நின்றான் உமாபதி.

"அம்மா, அவரை நிறுத்திவிடாதீர்கள். பார்வைதான் கொஞ்சம் மங்கல். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்."

கிழவி நோட்டை மூடிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பார்வையா? நீங்கள் ஜுரத்தில் படுத்திருந்த இரண்டு ஞாயிறும், மனிதர் ஒரு தீர்ப்பைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லையே!"