காப்பி சோப்பும் மாமனாரின் தொண்டையும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவும் நலம். மூன்று நாளாக நலமாகவே இருக்கிறார். நீங்கள் பதறிக் கிளம்பி வரவேண்டாம்.

விஷயம் இதுதான். காப்பி சோப்பு போட்டுக் குளித்தால் கண்ணுக்குக் கீழே கருவளையம் மறையும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கடுங்காப்பி போட்டு, இரண்டு ஸ்டீல் ஜக்கில் பாதிப் பாதி ஊற்றி, ஒன்றில் மட்டும், எண்ணெயைச் சோப்பாகக் கெட்டிப்படுத்தும் காஸ்டிக் சோடாவைக் கொட்டினேன். ஆறின காப்பி அடுப்பே இல்லாமல் கொதித்தது மச்சான். "எது குடிக்கிறது, எது குளிக்கிறதுன்னே தெரியல இந்த வீட்ல" என்று சொல்லிவிட்டு உங்கள் தங்கை வேலைக்குப் போனாள். நானும் பொறுப்பாக அந்த ஜக்கில் 'விஷம்' என்று எழுதி ஒட்டினேன். அந்தச் சூட்டில் பசை இளகிச் சீட்டு கீழே விழுந்ததைக் கவனிக்காமல், இரண்டும் ஒரே மாதிரி ஆறியபின் ஒரு ஜக்கைச் சோப்புக்கான எண்ணெயில் ஊற்றித் திரும்பினால், உங்கள் அப்பா இன்னொன்றைக் காலி செய்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, தொண்டை எரியுது" என்கிறார். என் காப்பியைப் பற்றித் தினமும் சொல்வதுதானே, இதை வைத்து எதை முடிவு செய்வது? ஜக்கையாவது முகர்ந்து பார்க்கலாம் என்றால், பிறந்ததிலிருந்து ஒரு ஸ்பூன் கழுவாதவர் அன்றைக்கென்று அதைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். இனி சோப்புதான் சாட்சி. அது கெட்டியானால் மாமா குடித்தது வெறும் காப்பி, ஆகாவிட்டால்... ஒரு கையில் ஆம்புலன்ஸ் எண், மறு கையில் கரண்டி. கிண்டிக்கொண்டே, "மாமா, ஏதாவது பேசிக்கிட்டே இருங்களேன்" என்றேன். "பத்து வருஷமா நான் வாயைத் திறந்தா எழுந்து போற ஆளு, இன்னைக்கு என்ன வந்துச்சு உனக்கு?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு ஆனந்தப்பட்டது அதுதான் முதல்முறை. நாற்பதாவது நிமிடம் கரண்டியிலிருந்து விழுந்த சொட்டு உள்ளே முங்காமல் கோடாக மேலேயே நின்றது. கெட்டி! அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இதை அவரிடமோ உங்கள் தங்கையிடமோ மூச்சுவிட வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
இனி கடைச் சோப்பே போடும் மாப்பிள்ளை

பி.கு.: உறை தேடிப் போன இடைவெளியில் அப்பா இதைப் படித்துவிட்டார். கல்லு மாதிரி இருந்தவர் இப்போது தொண்டையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றதற்கு, "குடிச்சது நீயா நானா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இந்த வரியை நான் எழுதும்போது உங்கள் தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள், கையில் அந்தக் கரண்டியை எடுத்துவிட்டாள். அடுத்த பஸ்ஸில் ஏறி வரவும். அப்பாவுக்காக அல்ல.