துணி காயாத நாட்களின் கணக்கு

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு, உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இந்த ஒற்றை அறைக்குள் நாங்கள் நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நலமாயிருக்கிறோம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அதைவிட விசாலமாக நலமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

"வீடு என்னம்மா ஆச்சு?" என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தீர்கள். ஒரே வருஷத்தில் புது வீடு என்று சொல்லி மாநகராட்சி எங்கள் தெருவையே இடித்து, நாற்பது குடும்பங்களை இந்தத் தகர அறைகளில் குடிவைத்து ஒன்பது வருஷமாகிறது. இடித்த நிலத்தை எடுத்துக் கட்ட எந்தக் கம்பெனி வந்தாலும், முதலில் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு அறை கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடவேண்டும் என்பது ஒப்பந்தம். கம்பெனிதான் வரவில்லை. மகள் கட்டிலுக்கு மேலே உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள், உங்கள் மாப்பிள்ளை பணிமனையில் பஸ் டயர் மாற்றிவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழே தூங்குகிறார், மாமியார் வாசலை அடைத்துக்கொண்டு இருவருக்கும் காவல். இந்த வருஷக் கடைசிக்குள் யாரும் கையெழுத்துப் போடவில்லையென்றால் திட்டமே ரத்து, வீடும் இல்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கம்பெனிகளை எப்படி இழுப்பது என்று பொதுமக்களிடமே கேட்கப்போகிறோம், எல்லாரும் மாநகராட்சி மன்றத்துக்கு வாருங்கள் என்று அதிலேயே போட்டிருந்தது. நானும் போனேன் அண்ணா.

அந்த மண்டபத்தை எப்படி எழுதுவேன்! கம்பளத்தில் கால் வைத்தால் உள்ளே போகிறது. செருப்போடு மிதிக்க மனம் வராமல் கையில் எடுத்துக்கொண்டேன். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நம் நிலம் முழுக்கக் கட்டி முடித்தாகிவிட்டது, அரிசியளவு மனிதர்கள் அதில் நடந்துபோகிறார்கள், மரம்கூட இருக்கிறது. எங்கள் வீட்டு ஜன்னல் இதுவாயிருக்குமோ, அதுவாயிருக்குமோ என்று பார்த்துக்கொண்டே நின்றதில் காவலாளி இரண்டு தடவை உட்காரச் சொன்னார். திட்டத்தைப் பற்றி நாற்பது பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை விசிறியாக்கினார்கள். பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான், முழுசாய் இவ்வளவு தாள் கிடைத்தால் விடுவேனா, அட்டை முதல் அட்டை வரை படித்தேன். பிறகு பெரியவர்கள் பேசினார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், பில்டர்களுக்குப் பத்து வருஷம் வரியே வேண்டாம் என்றார். அடுத்தவர் நிலத்தையே சும்மா கொடுங்கள் என்றார். மூன்றாமவர், சும்மா கொடுத்து மேலே பணமும் கொடுங்கள் என்றார். "அதே மாதிரி எனக்குக் குடுங்க, நானே கட்டறேன்!" என்று எங்கள் முனை டீக்கடைக்காரர் கத்தினார். "உன் டீயைக் குடிச்சவனே திரும்ப வரமாட்டேங்கறான், நீ கட்டுற வீட்டுக்கு யாருய்யா வருவான்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை படித்த தலைகள் என் வீட்டுக்காக இப்படி வேர்க்கின்றனவே என்று கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திட்ட அதிகாரி எழுந்து, "இதுவரைக்கும் முப்பத்தோரு கம்பெனி வந்திருக்காங்க. எங்க ஆபீஸ்ல உட்கார்ந்து எல்லாருமே சரின்னாங்க. நிலத்தை நேர்ல பார்த்துட்டு வர்றோம்னு போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பலை. ஏன்னுதான் புரியலை" என்றார். முப்பத்தொன்று என் நோட்டில் இருக்கிற எண், அண்ணா. அந்த இடித்த நிலத்தில் கொடி கட்டித்தான் துணி காயப்போடுகிறேன். தண்ணீர் தேங்கினால் துணி காயாது. ஆகவே தேங்கிய நாள், கொடிக்கம்பில் ஏறிய அளவு, வடிந்த நாள் எல்லாவற்றையும் ஒன்பது வருஷமாக எழுதிவைத்திருக்கிறேன். நிலம் பார்க்கக் கம்பெனிக் கார் வந்து நிற்கும், தாகமென்று என் வாசலுக்கு வருவார்கள், வந்தவர்களையும் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். "இடம் எப்படிம்மா?" என்று கேட்பார்கள். குடிக்கிற தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, தேங்குகிற தண்ணீரை நோட்டைத் திறந்து காட்டுவேன். வடக்கு மூலையில் முழங்கால் ஆழம், போன மழைக்கு வடியப் பத்தொன்பது நாள். வீட்டுக்கு வந்து கேட்கிறவர்களிடம் பொய் சொல்வதா?

எழுந்து நின்றுவிட்டேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். என் குரல் கூரையில் போய் மோதி, யாரோ பெரிய மனுஷி பேசுகிற மாதிரித் திரும்பி வந்தது. "மன்னிச்சுக்கங்க, அந்த முப்பத்தோரு பேரையும் நான்தான் அனுப்பிட்டேன்" என்று துணிக் கணக்கு நோட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் வரிசைக்காரர்கள் நாற்பது வீட்டாரும் சிரிக்கவில்லை. பக்கத்து அறைத் தையல்காரி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அடிப் பாவி, ஒன்பது வருஷமாவா?" என்றாள். மேயரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வையில் நான் எறும்பாய்ப் போனேன். வெளியே வந்ததும் அதிகாரி, "இனிமே யார் கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்கம்மா. உங்க வீட்டுக்காகத்தான் சொல்றேன்" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார். மூன்று லட்ச ரூபாயில் விளம்பரப் படம் எடுத்து, சுவருக்கெல்லாம் வர்ணம் அடித்து அவர்கள் இழுத்து வந்த கம்பெனிகளை, வெறும் கொடிக்கயிற்றை வைத்துக்கொண்டு நான் விரட்டியிருக்கிறேன் என்றால் கடவுளின் விளையாட்டை என்னவென்பது! வந்ததும் விளக்கேற்றி, நாற்பது குடும்பத்துக்காக இந்த ஒரு பொய்யின் பாவம் என் தலையோடு போகட்டும், இனி வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து, நோட்டை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். நீங்களும் யாரிடமும் சொல்லவேண்டாம்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் கல்வியும் ஆயுளும் குறைவின்றிப் பெறட்டும். உங்கள் முழங்கால் வலிக்கும் சேர்த்தே பிரார்த்தித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கார் வந்தது. சேறு படிந்த பூட்ஸோடு ஒரு என்ஜினியர் பெண். "துணிக் கணக்கு எழுதுற அம்மா நீங்கதானே?" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். "நேத்துப் பேப்பர்ல வந்துச்சே?" "பேப்பர்ல ஆயிரம் போடுவாங்க." அவள் முகம் வாடிவிட்டது. "எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சா அதுக்கு மேல தூண் போட்டுக் கட்டிடலாம்மா. தெரியாத இடத்துலதான் எங்க கம்பெனி கை வைக்காது. அந்த நோட்டை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிவிட்டாள். அண்ணா, நான் அரிசி டின்னைத் தரையில் கவிழ்த்து, செருப்பில்லாமல் தெருமுனை வரை ஓடி, "எனக்குத் தெரியும்! எல்லாம் தெரியும்!" என்று கத்திக் காரை மறித்தேன். இப்போது அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்பது வருஷத்தையும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறாள். "அரை ஈரம்னு எழுதியிருக்கீங்களே, அன்னிக்குத் தண்ணி எவ்வளவும்மா?" என்று கேட்கிறாள். சொல்லிவிட்டு வருகிறேன். மேலே எழுதிய சத்தியத்தைக் கடவுளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.