கூரை திறந்த படலம்

வாழ்க, வாழ்க, நெடிது வாழ்க! எண்ணாயிரம் கடைவாய்ப் பற்களை வேரோடு வென்றவனும், அஞ்சி நடுங்கி வாய்மூடிக் கிடந்தோரையெல்லாம் 'ஆ' என்னும் ஒற்றை எழுத்தால் அடிபணிய வைத்தவனும், மணிமுடி சூடாமலே தலை மின்னப் பெற்றவனுமாகிய பல் டாக்டர் என்னும் பெருந்தகை வாழ்க! அவன் தன் காரின் துணிக்கூரையைத் திறந்த வரலாற்றைப் பாடப் புகுந்தோம். வெண்பஞ்சே, துவைத்துத் துவைத்து மெலிந்த பழம்பனியனே, விளிம்புடைந்த நீல வாளியே, சொல் தடுமாறும் இடத்தில் துணை நில்லுங்கள். கதை கொஞ்சம் நீளம். ஆனால் நடந்ததென்னவோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

அவ்வீரனுக்கு ஒரு தேர் உண்டு. இருவர் மட்டுமே அமரத்தக்கது, செந்நிறத்தது, கருந்துணியால் கூரை வேய்ந்தது. அக்கூரையின் பின்புறத்தே கண்ணாடிக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் ஒன்று ஒளிர்வது. முன்னே இரு கொக்கிகளைத் தளர்த்திக் கூரையைப் பின்னே மடித்தால், வானம் முழுவதும் இறங்கி வந்து உள்ளே உட்காரும். அதற்காகத்தான் உலகத்தார் அவ்வகைக் காரை வாங்குகிறார்கள். நம் தலைவன் வாங்கி ஏழாண்டு ஆயிற்று, ஒருநாளும் திறந்தானில்லை. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "சார், பின்னாடி பிளாஸ்டிக் மட்டும் ஜாக்கிரதை. ஒரு தடவை மடிப்பு விழுந்தா விழுந்ததுதான்" என்று போகிற போக்கில் சொன்ன சொல், அவன் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்களே, அது இந்தக் கார்தான்.

காத்தான் ஐயா, காத்தான்! கண்ணாடிக்கு அடிக்கும் நீல மருந்து பட்டால் பிளாஸ்டிக் பால்போல் வெளுத்துவிடும் என்று அம்மருந்தை வீட்டு வாசற்படி மிதிக்கவிடாமல் விரட்டியும், உலர்ந்த துணியால் தொட்டால் தூசியே அரமாகி அறுத்துவிடும் என்று முதலில் நீர் வார்த்துப் பின் பனியன் துணியால் ஒற்றியும், வட்டமாகத் தேய்ப்போரை வையத்தின் கடையர் என்று தூற்றி, இடமிருந்து வலமாக ஒரே போக்கில் மெருகேற்றியும், வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைத் தையல் மூலைகளில் நுழைத்துப் பூஞ்சை உண்டோ என ஆராய்ந்தும், நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, முடிஞ்சுது" என்று ஜன்னலுக்கு ஆறுதல் கூறியும் காத்தான். கல்யாண நாளை இரண்டுமுறை மறந்திருக்கிறான். ஜன்னலுக்கு மெருகு போடும் நாளை மறந்ததே இல்லை.

அவன் மனைவியோ எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னலே இல்லாத, சுவருக்குள் ஈயத்தகடு பதித்த அறையில், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று ஆணையிட்டு, ஊராரின் எலும்புகளை மட்டுமே பார்த்து வாழ்பவள். அவளுக்கு வேண்டியது வானம், வேறொன்றும் இல்லை. கார் வந்த அன்றே, காற்றில் தலைமுடி கலையாமல் கட்டிக்கொள்ளப் பச்சைப் பட்டு ஸ்கார்ஃப் ஒன்று வாங்கி வைத்தாள். ஏழாண்டாக அது அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. சனிக்கிழமை மாலை வேறெதையோ தேடப்போய் அதைக் கையில் எடுத்தவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. வாசலுக்கு வந்தாள். போர்முரசு அதிர்ந்தாற்போல் அவள் பிறப்பித்த ஆணையாவது:

"நாளைக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள இதத் திறந்து என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போறீங்க. இல்லன்னா திங்கட்கிழமை வித்துடலாம். மூடியே வச்சுக்க நமக்கு ஃப்ரிட்ஜ் இருக்கு."

அவள் வாயில் வந்தது வந்ததுதான். அவன் ஏறாமல் வைத்திருந்த நடைப்பயிற்சி இயந்திரத்துக்கும் முன்பொருமுறை இப்படித்தான் கெடு வைத்தாள். இப்போது அது இருந்த இடத்தில் செருப்பு அலமாரி இருக்கிறது.

ஞாயிறு புலர்ந்தது. நீல வாளி நிறைந்தது. தலைவன் மென்தூரிகை ஏந்தி, நெசவின் போக்குப் பிறழாமல் கூரையைக் கழுவி, ஜன்னலை நீராட்டி, ஒற்றி, பின்வாங்கி நின்று நோக்கினான். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை. குளிரோடு மடித்தால் விரிசல். ஆகவே கூரை காயவும் வேண்டும், ஜன்னல் வெயிலில் இளகவும் வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் மனைவி தலையில் ஸ்கார்ஃபும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, மூடிய காருக்குள் ஏறி அமர்ந்து, குறுக்கெழுத்துப் புதிரைப் பிரித்துக்கொண்டாள். அவனுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

அந்தோ! மேலே மின்கம்பியின்மீது வீற்றிருந்தான் பகைவன். சாம்பல் மேனியன், செங்கால் வேந்தன், உண்டது செரிப்பதில் ஒப்பில்லாதவன், புறா என்னும் பெயருடையான். ஒன்பதே முக்காலுக்கு முதற்கணை இறங்கிற்று. கூரையின் நட்டநடுவே வெண்பொட்டு! காய்ந்தால் துணியைத் தின்றுவிடும், சுரண்டினால் நூல் பிரிந்துவிடும் என்பதறிந்த தலைவன், ஈரப்பஞ்சை அதன்மேல் வைத்து ஊறவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்ல வருடி எடுத்தான். காய்வதற்கு அரைமணி ஆயிற்று. பத்தே காலுக்கு இரண்டாம் கணை. ஊறல், வருடல், காய்தல். பதினொன்றுக்கு மூன்றாவது, அதுவும் எங்கே? ஜன்னலின்மீதே! பல்லைக் கடித்தான் பல் டாக்டர். பல்லைக் கடிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன்.

வெகுண்டெழுந்தவன் அதையும் ஊறவைத்து ஒற்றியெடுத்து, வீட்டினுள் பாய்ந்து, கரியதொரு பெருங்குடையைக் கொணர்ந்து, காரின் மேலே விரித்துப் பிடித்து, மேலே பார்த்து முழங்கினான்: "இப்பப் போடு பாப்போம்!" புறா போடவில்லை. பத்து நிமிடம் மலையென நின்றான். கை வலித்தது, மாற்றிப் பிடித்தான். இருபது நிமிடம் நின்றான். காருக்குள்ளிருந்து குறுக்கெழுத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் ஒரு குரல் வந்தது.

"குடை பிடிச்சா எப்படிங்க காயும்?"

பாம்பும் சாகவேண்டும், கம்பும் உடையக்கூடாது என்றால் நடக்கிற காரியமா? குடை இருந்தால் வெயில் இல்லை. வெயில் இருந்தால் புறா உண்டு. மணி பதினொன்று இருபத்தைந்து. குடையை மடக்கினான். வெயில் பாய்ந்தது. புறா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகமாக நகர, கூரை காய்ந்தது, ஜன்னல் இளகிற்று. ஏனோ புறாவிடம் கணை தீர்ந்திருந்தது.

பத்து நிமிடமே மிச்சம். ஜன்னலைக் கூரையோடு பிணைத்திருந்த ஜிப்பைத் திறந்து அதனைப் படுக்கவைத்தான். கீழே ஒரு துணி, மேலே ஒரு துணி இட்டாலன்றிக் கூரையின் சட்டம் உரசிக் கீறிவிடும். துணி எங்கே? ஒன்பது பனியன் துண்டுகளும் மும்முறைப் போரில் நனைந்து கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. வீட்டுத் துண்டுகள் அனைத்தும் வாஷிங் மெஷினுக்குள் சுழன்றுகொண்டிருந்தன. படுக்கை விரிப்போ சொரசொரப்பு. தலைவனின் பார்வை மெல்ல மெல்ல மனைவியின் தலைக்குச் சென்றது.

"இதக் கேட்டீங்கன்னா நான் இறங்கிடுவேன்" என்றாள் அவள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அவள் ஏழாண்டு காத்திருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

பிறகு அவன் செய்ததை எந்தப் போர்க்களமும் கண்டதில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றினான். பொத்தான்கள் ஜன்னலில் படாதவாறு உட்புறமாக மடித்துக் கீழே விரித்தான். உள்பனியனையும் உருவி மேலே போர்த்தினான். கவசமிழந்து, உட்கவசமும் இழந்து, தொந்தியும் தானுமாக நடுவீதியில் நின்று, கொக்கி இரண்டையும் தளர்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கூரையைத் தள்ளினான். அது ஒரு முனகலோடு மடிந்தது. ஜன்னலில் ஒரு கோடும் விழவில்லை. மணி பன்னிரண்டாக ஒரு நிமிடம் இருந்தது.

கார் கிளம்பியது. மின்கம்பியின் அடியில் போகும்போது அவன் வழுக்கையை இரு தோள்களுக்கிடையே இழுத்துக்கொண்டான். புறா இறகைக் கோதிக்கொண்டிருந்தது, இவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் காருக்குள் அவள் சிரித்தது அதுவே முதல்முறை. பின் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். "எவ்ளோ பெருசா இருக்குங்க" என்றாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. அவன் காரின் முன்கண்ணாடி நடுவே தொங்கிய பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். தெருவும் மரமும் தன் வீடும், ஏழாண்டு தேய்த்தும் தெரியாத தெளிவோடு தெரிந்தன. வழியில் ஜன்னலே இல்லையே.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் வந்து நின்ற ஸ்கூட்டர்க்காரர் தலைக்கவசத்தைத் தூக்கி, "டாக்டர்... நீங்களா? நேத்து அடைச்ச பல்லு கூசுது டாக்டர்" என்றார். பேச்சு பல்லைப் பற்றி இருந்தாலும், பார்வை தொந்தியில் இருந்தது. தலைவன் ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னே ஒளிய முயன்றும் இடம் போதவில்லை. அப்போது எக்ஸ்ரே அறையின் அரசி, நேரே பார்த்தபடியே, உதடு அசையாமல் மொழிந்தாள்:

"மூச்ச இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

இழுத்தான், பிடித்தான், பச்சை விழும்வரை அசையாதிருந்தான். "இதை விக்க வேணாம்" என்று அவள் தீர்ப்புரைத்தாள். "ஆனா அடுத்த ஞாயிறும் திறக்கணும். அன்னைக்கு துண்டு நான் எடுத்து வைக்கிறேன்." ஆக, கெடு வென்று, பகை வென்று, மடிப்பு வென்று, மனைவியின் மனமும் வென்ற மாவீரன், வெற்றித் திருமேனி வெயிலில் மின்ன, எட்டுத் திக்கும் எதிர்கொள்ள, திறந்த தேரில் கடைவீதி புகுந்தான்.

சட்டை இல்லாததால், பால் வாங்க அவள்தான் இறங்கினாள்.