போட்டு எடுத்த பெயர்கள்

மரியாதைக்குரிய சம்பந்தி முத்து அவர்களுக்கு,

ரெங்கத்திலிருந்து முருகப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமையிலிருந்து நீங்கள் போனை எடுக்காததில் உமாதேவிக்குத் தலைவலி, எனக்கு வயிற்றுவலி, எங்கள் மகன் சரணுக்கு இரண்டும். உங்கள் மகள் பிரீத்தி மட்டும் அவன் போனை எடுக்கிறாளாம். எடுத்து, பேசாமல் வைத்துவிடுகிறாளாம். பூந்தொட்டி வாங்க ஆயர் ஈத்தாமில் உங்கள் கடைக்கு வரும் செல்வாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நடந்தது இதுதான். கல்யாணப் பத்திரிகை அனுப்பச் சரண் தானே ஒரு செயலி எழுதினான். சிங்கப்பூரில் அதுதான் அவன் வேலை என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதில் பெயர் எழுத ஒரு பெட்டி இருக்கும், கூட்டல் குறியைத் தொட்டால் அடுத்த பெட்டி முளைக்கும். நீங்களும் உங்கள் வீட்டு அழகம்மை ஆச்சியும் மூன்று நாள் உட்கார்ந்து தட்டினீர்கள், சில பெயர்களைப் போட்டீர்கள், யோசித்து எடுத்தீர்கள், யாரை என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், கடைசியில் நூற்று நாற்பத்திரண்டு பேர். சரண் பொத்தானை அழுத்தினான். உங்கள் பக்கம் போனது ஒரே ஒரு பத்திரிகை. அதுவும் செயலி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆச்சி முதல் பெட்டியில் தட்டிய பல் டாக்டர் சிவசம்புவுக்கு. அவர் என்னைக் கூப்பிட்டு, "நான் உங்கட சம்பந்திக்குப் பல்லுப் பிடுங்கினனான், அவ்வளவுதான். எனக்கு ஏன் முதல் பத்திரிகை?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பட்டியலைச் சரண் நேராக உள்ளே ஏற்றியிருந்ததால் இருநூறு பேருக்கும் போய்விட்டது. உங்கள் பக்கம் பல் டாக்டர் மட்டும். "எங்க ஆளுங்க வேணாம்னா எங்க பொண்ணு மட்டும் எதுக்கு?" என்று கேட்டு நீங்கள் போனை வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

"அலமாக், அந்தப் பெட்டிங்களுக்குப் பேரே வைக்கலப்பா" என்று சரண் தலையில் கை வைத்தான். முதல் பெட்டி அவன் கையால் வைத்தது, அதற்குப் பெயர் உண்டு, அதைச் செயலி கூப்பிட்டுக் கேட்கும். பிறகு முளைத்தவை திரையில் தெரியும், கூப்பிடத்தான் பெயர் கிடையாது. எனக்கு வந்ததே கோபம். "நம்ம வழக்கத்துல தாத்தா பேர்தான் பேரனுக்கு. ஒரே தெருவுல நாலு முருகப்பன் இருந்தோம், ஒருத்தன் லெட்டர் இன்னொருத்தனுக்குப் போனதில்ல. ஏன்? பேருக்கு முன்னால ஆளுக்கொரு விலாசம், குடும்ப எழுத்து. பெட்டி முளைக்கும்போதே ஒரு விலாசம் குடு, ஏட்டுல எழுதி வை, அந்த ஏட்டைப் பார்த்துக் கூப்பிடு லா!" என்றேன். அவன் அப்படியே செய்தான். நீங்கள் தட்டியதெல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்ததாம். அதை முதலிலிருந்து மறுபடி ஓட்டினான். பெட்டிகள் விலாசத்தோடு முளைத்தன.

இன்று காலை உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பத்திரிகை போய்விட்டது. ஒரு பெயர் கூடவில்லை, ஒரு பெயர் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் உமாதேவியும் தட்டோடு நேரில் வருகிறோம். இந்தக் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தை விடுங்கள்.

ஆச்சிக்கு எங்கள் வணக்கம். பிரீத்திக்கு எங்கள் ஆசி. போனில் ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும், பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முருகப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உமாதேவி இப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். போனது நூற்று நாற்பத்தொன்பது. நீங்கள் போட்டு எடுத்த ஏழு பேர் திரையிலிருந்து போய்விட்டார்கள், ஏட்டிலிருந்து போகவில்லை. "எழுதத்தானே சொன்னீங்க, எடுத்த பேரை அடிக்கச் சொல்லலையேப்பா" என்கிறான் சரண். அந்த ஏழில் ஒருவர், பதினொரு வருடமாக நீங்கள் பேசாத உங்கள் அண்ணன், பொந்தியான் வேலு. சற்றுமுன் என்னைக் கூப்பிட்டார். "முத்துவே என் பேரைப் போட்டானா?" என்றார். இரண்டு தடவை கேட்டார். போட்டது நீங்கள்தானே? "ஆமாண்ணே, அவர் கையாலேயே போட்டாரு" என்றேன். எடுத்ததைச் சொல்ல மனம் வரவில்லை. உடனே காரை எடுத்துவிட்டார். செல்வாவுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவார். இதைப் படிக்கும்போது உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து வாய்விட்டுப் படிக்காதீர்கள்.