தலையசைப்பை ஆராய்ந்தவர்

இன அடையாளச் சிறப்பிதழ் ஆசிரியர் என்று ஒரு ரகம் உண்டு, வாசகரே. வெள்ளை மாணவர்கள் நிறைந்த கல்லூரியில், எங்களைப் போன்ற கறுப்பு மாணவர்கள் பத்திரிகை நடத்தினால் அங்கே இவர் கட்டாயம் இருப்பார். அமெரிக்காவில், எங்கள் ஒஹாயோ கல்லூரிக்கு வாய்த்தவர் தாடியஸ். நான் அவருடைய பத்திரிகைக்குப் பக்கம் அமைப்பவன்.

இவரால் சும்மா சாப்பிட முடியாது. உணவுக்கூடத்தில் மக்ரோனி பரிமாறும் எங்கள் இனத்து அம்மாவிடம், "இதுல நம்ம வரலாறு எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார். "உப்பு கொஞ்சம் கம்மி. தட்டை நகர்த்துப்பா, பின்னால ஆளுங்க நிக்குறாங்க" என்பார் அந்த அம்மா. முடிவெட்டுபவரை ஒருநாள் இவர் துருவித் துருவிப் பேட்டி எடுக்க, அவர் கோபித்துக்கொண்டு கத்தரியை வைத்துவிட்டார். பாதித் தலையோடு வகுப்புக்கு வந்த இவர், அதற்கும் ஒரு தலையங்கம் எழுதினார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். கூட்டத்தில் எங்களில் இருவர் எதிர்ப்பட்டால், முன்பின் தெரியாவிட்டாலும் தலையை லேசாக அசைப்போம். நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன், அவ்வளவுதான். பதிலுக்கு அசைக்காதவனுக்கு மன்னிப்பே கிடையாது.

இதைப் பற்றித்தான் தாடியஸ் பதினான்கு பக்கம் எழுதினார். அதற்காக மூன்று வாரம், சிவப்பு நோட்டும் கையுமாக, தலையில் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, குளிரில் மூக்கு ஒழுக ஒழுக நூலக வாசலில் நின்றார். யாராவது தலையசைத்தால் போதும், உடனே குனிந்து குறித்துக்கொள்வார்: "காலை பத்தேகால். பெண். முதலாமாண்டு. நல்ல அசைப்பு."

பதிலுக்கு அசைத்தாரா? எழுதிக்கொண்டிருப்பவர் எப்படி அசைப்பார்!

ஒரு வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு ஒடெஸா வந்தாள். தெற்கே மிசிசிப்பிக்காரி. விடுதியில் அவள் மாடியில் எங்கள் ஆள் அவள் ஒருத்திதான். கையில், கல்லூரியை விட்டு விலகும் படிவம்.

"இதைக் குடுக்க நாளைக்குத்தான் கடைசி நாள். குடுத்துட்டு ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். என் மாடியில எல்லாரும் என் முடியைத் தொட்டுப் பாக்கணும்ங்கறாங்க, பேசறதுக்கு ஒருத்தரும் இல்ல. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். நூலக வாசல்ல நம்மாளு ஒருத்தன் நிக்கிறான், தினம் தலையாட்டறேன், மூணு வாரமாக் குனிஞ்சுக்கிறான்!"

தாடியஸ் கண்கலங்கி எழுந்தார். "யாரு தங்கச்சி அந்தப் பாவி? ஆளைக் காட்டு, முதல் பக்கத்துலயே கிழிச்சுடறேன்!"

"முகம் சரியாப் பாத்ததில்ல. கையில ஒரு சிவப்பு நோட்டு..." என்றவள், அவர் மேசையைப் பார்த்து நிறுத்தினாள்.

அவரும் பார்த்தார். முகம் சுருங்கியது. சரி, இனி மன்னிப்புக் கேட்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் நோட்டைத் திறந்தார்.

"இதையே இன்னொரு தடவை கொஞ்சம் மெதுவாச் சொல்றியா? முடிவுரைக்குப் பிரமாதமா இருக்கும்."

ஒடெஸா சிரித்தேவிட்டாள். சிரித்தபடியே போனாள். மறுநாள் படிவத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். அவள் பேச்சை முடிவுரையாகக் கொண்ட சிறப்பிதழுக்குக் கல்லூரிப் பத்திரிகைகளுக்கான அவ்வாண்டுப் பரிசு கிடைத்தது.

தாடியஸைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நானும்தான் சிரிக்கிறேன். ஆனால் அன்று அதே அறையில், ஒரு படத்தின் ஓரத்தைச் சரிசெய்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். ஒடெஸா உள்ளே வந்ததும் முதலில் என்னைப் பார்த்துத்தான் தலையசைத்தாளாம், அறையில் இருந்த மற்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

நீங்களும் வெகுநேரமாக இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிரே யாராவது வந்து நிற்கிறார்களா, பாருங்கள்.