சேர்ந்ததும் தந்தி அடிக்கவும்

கோயமுத்தூர் ஜில்லாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சாகக் கிடந்த ஒருவரும் நிம்மதியாகச் செத்ததில்லை. பஞ்சமோ பிளேக்கோ அதற்குக் காரணமில்லை. போத்தனூர் ஜங்ஷனில் தந்தி அடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர்தான் காரணம். யார் வீட்டிலாவது டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார் என்று காதில் விழுந்தால் போதும், கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, குடையை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எமனுக்கு ஒரு மணி நேரமாவது முந்திப் போய்ச் சேர்வதில் அவர் குறியாக இருந்தார்.

ஸ்டேஷனில் எல்லோரும் அவரைத் தந்தி ஐயா என்போம். நான் அங்கே டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. இருபத்தைந்து வருஷம் தந்தி அடித்ததில் வலது கை ஆள்காட்டி விரல் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சாப்பிடும்போது இலை ஓரத்தில் தட்டும். சாமி கும்பிடும்போது இன்னொரு கையின் மீது தட்டும். ஒருமுறை சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர் நாவிதரின் முழங்காலில் தட்டப்போய், அந்த மனிதர் கத்தியோடு துள்ளி எழுந்தார். பேச்சும் தந்திதான். "வந்தேனுங்க. காப்பிங்க. சக்கரை வேண்டாமுங்க." மற்ற சொற்களை எப்படி வெட்டினாலும் அந்த 'ங்க'வை வெட்ட மட்டும் அவருக்கு மனசு வராது. கொங்கு நாட்டில் பிறந்தவர்.

அவருடைய கொள்கை எளிமையானது. செத்த பிறகு என்ன ஆகிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சொல்கிற ஒருவரும் போய்ப் பார்த்தவர் இல்லை. போய்ப் பார்த்தவர்களோ ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்குச் சொல்ல ஆசை இல்லாமலா இருக்கும்? வாய் இங்கேயே எரிந்துவிடுகிறது, பாவம், எதை வைத்துப் பேசுவார்கள்? தட்டலாம். ஆனால் தட்டத் தெரியாது. ஆகவே புறப்படுவதற்கு முன்னால் தட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு. கட், கட், கடா. அர்த்தம், 'பத்திரமாகச் சேர்ந்தேன்.' தன் வீட்டில் கட்டில் பக்கத்தில் அவர் ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன்மேல் வந்து தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எடுத்த எடுப்பில் இந்த வேலையில் இறங்கிவிடவில்லை. முறைப்படி விசாரித்துப் பார்த்தார். பேரூரில் ஒரு சாஸ்திரிகள், ஆத்மா எமபுரிக்குப் போய்ச் சேர ஒரு வருஷம் பிடிக்கும் என்றும் வழியில் பதினாறு ஊர் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். தந்தி ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு ஊரின் பெயரையும் வரிசையாக எழுதிக்கொண்டு, இதில் ஜங்ஷன் எது, எதெதில் ரயில் மாற வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். சாஸ்திரிகள் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் நொய்யல் ஆற்றில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து அக்கரைக்குப் போய்விடுவார்.

செத்தால் ஒன்றுமே இல்லை என்று மேடை போட்டுப் பேசிய ஒரு சுயமரியாதைக்காரரையும் அவர் விடவில்லை. கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் போய், ஒன்றுமில்லை என்றாலும் பரவாயில்லை, 'ஒன்றுமில்லை' என்று ஒரு வார்த்தை தட்டிவிட்டுப் போக முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

அவர் பெயர் ஜில்லா முழுக்கப் பரவியது சூலூர்ப் பக்கத்துக் கவுண்டர் ஒருவரால். பெரிய தோட்டம், எண்பது வயது. மூன்று நாளாகப் பேச்சில்லை. வாயில் பால் ஊற்றியாகிவிட்டது. உடுமலைப்பேட்டையிலிருந்து சம்பந்திகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். வாசலில் பந்தலுக்கு மூங்கில்கூட வந்துவிட்டது. இந்த நேரத்தில் தந்தி ஐயா உள்ளே போய், தலைமாட்டில் உட்கார்ந்து, கவுண்டரின் கையை எடுத்துக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்து, இப்படித் தட்ட வேண்டும், நீங்கள் போய்ச் சேர்ந்ததும் மறக்காமல் தட்ட வேண்டும் என்று காதோரம் விளக்கியிருக்கிறார். மூன்றாவது தடவை விளக்கும்போது கவுண்டர் கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்க, நான் போறேன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

தந்தி ஐயா பொய் சொல்லத் தெரியாதவர். வாசலில் நிற்கிற எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். கவுண்டர் முழங்கையை ஊன்றி எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். உடுமலைச் சம்பந்திகளைப் பார்த்தார். மூத்த மகன் தோட்டத்துச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பதையும் பார்த்துவிட்டார்.

"அம்மணி, ஒரு கிண்ணம் கம்மஞ்சோத்தக் கரைச்சுக் கொண்டா" என்று மருமகளைக் கூப்பிட்டார். சாவிக்கொத்து கை மாறியது. அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தார். கடைசியாக அவர் மறுபடி படுத்தபோது மூத்த மகனே சூலூரிலிருந்து ஸ்டேஷனுக்கு வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மிகவும் பணிவாக, "ஐயா, இந்தத் தடவ நீங்க வர வேண்டாமுங்க" என்று கேட்டுக்கொண்டு போனார்.

கவுண்டர் பிழைத்த சேதி பரவியதும் நிலைமை தலைகீழாகிவிட்டது. டாக்டர் கைவிட்டால் தந்தி ஐயாவைக் கூப்பிடு என்று ஆகிப்போனது. இவரும் போவார், சொல்லிக்கொடுப்பார். படுத்திருப்பவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பாதிப் பேருக்கு உயிரும் திரும்பி வந்துவிடும். ஜனங்கள் கும்பிட்டார்கள். இவரோ நொந்துபோய் வந்து என் டிக்கெட் ஜன்னலில் சாய்ந்துகொள்வார். இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தும் பாதிப் பேர் போய்ச் சேர மாட்டேன் என்கிறார்கள், போன பாதிப் பேரும் தட்ட மாட்டேன் என்கிறார்களே என்பது அவர் கவலை.

ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்ற அம்மாள் ஒருத்தி மட்டும் கோபப்படவில்லை. குளிர்காய்ச்சலில் படுத்திருந்தவள், அவர் சொன்னதை அக்கறையாகக் கேட்டாள். ஒரே தடவையில் தட்டவும் கற்றுக்கொண்டாள். தந்தி ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்போது அவள் காலஞ்சென்ற புருஷனை நினைத்து ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அங்க என்ற ஊட்டுக்காரரு இருப்பாருங்களா?"

அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம் என்றார் இவர். அம்மாள் மேலே விட்டத்தைப் பார்த்தாள்.

"முதல்ல அதக் கேட்டுச் சொல்லுங்க. இருந்தாருன்னா நான் போகலீங்க."

நான்காம் நாள் அவள் இட்லி விற்க வந்துவிட்டாள்.

இவரோடு சரிக்குச் சரி வாதாடியவர் ஒருவர்தான். கோட்டைமேட்டில் தகரப் பெட்டி செய்து விற்ற பாய். பெட்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்ப வந்து பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இருவரும் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பிப்பார்கள். பாய் சொல்வது, போனவர்கள் எல்லோரும் கபர்க் குழியில் இருப்பார்கள், நியாயத் தீர்ப்பு நாள் வரும்போதுதான் எழுப்பப்படுவார்கள் என்று. அப்படியானால் அது வெயிட்டிங் ரூம் என்று தந்தி ஐயா உடனே பிடித்துக்கொண்டார். வெயிட்டிங் ரூமில் தந்தி மெஷின் வைக்கிற வழக்கம் உண்டா ஐயா என்று பாய் திருப்பிக் கேட்டார். தந்தி ஐயா ஒரு வாரம் பதில் யோசித்தார். அடுத்த ஞாயிறு வந்து, இல்லைதான், ஆனால் சுவரைத் தட்டினால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கேட்கும் என்றார். பாய் சிரித்ததில் தண்டவாளத்தில் மேய்ந்த காக்கைகள் பறந்தன.

இப்படி ஒரு ஞாயிறு, தந்தி ஐயா உள்ளிருந்து அழைப்பு வந்து எழுந்து போனபோது, இந்த மனிதருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று பாயிடம் கேட்டேன். பாய் சொன்னார்.

தந்தி ஐயா இளவயதில் கரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், இறங்கியதும் அங்கே இருக்கும் தந்தி குமாஸ்தாவிடம் சொல்லிச் 'சேர்ந்தேன்' என்று தட்டச் சொல்வாளாம். இவர் இங்கே அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார். பிரசவத்துக்கு ஈரோட்டுக்குப் போனவள் அப்படித்தான் 'சேர்ந்தேன்' சொன்னாள். ஒன்பதாம் நாள் இன்னொரு தந்தி வந்தது. அப்போது மெஷினில் இருந்தவர் இவரே. வருகிற எழுத்தை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்ட பிறகுதான் மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்திருக்கிறார். தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மாற்று ஆள் வருகிற வரைக்கும் இரண்டு ரயில் கிளம்ப லைன் கிளியர் கொடுத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாராம்.

தந்தி ஐயா திரும்பி வந்தார். "என்னங்க பேச்சு?" என்றார். பாய் உடனே, நாய்க்கு மறுபிறவி உண்டா என்று இந்தத் தம்பி கேட்கிறார் என்று போட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க நான் நாயைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் பாய்க்கு விஷக்காய்ச்சல் வந்தது. மூன்றாவது வாரம் டாக்டர் கைவிரித்தார். ஹக்கீமும் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டார். பாயின் சம்சாரம் தன் தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். எத்தனையோ பேரைக் கோபப்படுத்தி எழுப்பியிருக்கிறார், எங்கள் வீட்டுக்காரரையும் வந்து கொஞ்சம் கோபப்படுத்தச் சொல்லுங்கள் என்பதுதான் அவள் சொல்லியனுப்பியது. தந்தி ஐயா கோட்டைக்கூடப் போடவில்லை. நானும் கூடக் கிளம்பினேன், ஜட்கா வண்டி பிடித்தோம்.  வழியில் நான் கவனித்தேன், அந்த விரல் தட்டவில்லை.

பாய் பாதியாக இருந்தார். நெற்றியில் ஈரத்துணி. இவரைக் கண்டதும் கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கையைப் படுக்கையிலிருந்து அரை அங்குலம் தூக்கினார்.

"சொல்லுங்க ஐயா. எப்படித் தட்டணும்? வெயிட்டிங் ரூமோ என்னவோ, போனதும் தட்டிப் பாக்கறேன்."

கதவுக்குப் பின்னால் பாயின் சம்சாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும்தான். தந்தி ஐயா பாயின் கையைப் பிடித்தார். அதை மெல்லத் திரும்பப் படுக்கையின்மேல் வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று முன்னால் எழுதினேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டார்.

"லைன் ரிப்பேருங்க" என்றார்.

பாய் புரியாமல் பார்த்தார்.

"கம்பி பூராவும் அறுந்து கெடக்குதுங்க. இப்ப ஆரு போனாலும் சேதி வராதுங்க. இந்த நேரத்துல நீங்க போறது உசிதம் இல்லீங்க."

எப்போது சரியாகும் என்று பாய் கேட்டார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், பதில் வர வருஷக் கணக்கில் ஆகலாம் என்றும் தந்தி ஐயா கண்ணைத் துடைக்காமலே சொன்னார். பாயின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாரா, இழுக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு பார்லித் தண்ணீர் கேட்டார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். அல்லாவின் கிருபை என்றாள் பாயின் சம்சாரம். இட்லிக்கார அம்மாளோ தந்தி ஐயாவுக்கு இரண்டு இட்லி கூடுதலாக வைத்தாள்.

பாய் தேறி, மெலிந்த உடம்போடு மறுபடி பெஞ்சுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்வியே அதுதான். ஊரில் இருக்கிற எல்லோரையும் அனுப்பத் துடித்த மனிதர், தன்னை மட்டும் ஏன் அனுப்பவில்லை?

"நீங்க போயிட்டா நான் ஆருகூடங்க சண்டை போடறது?" என்றார் தந்தி ஐயா. உடனே, அந்த நியாயத் தீர்ப்பு நாளில் இத்தனை கோடிப் பேரை எப்படி வரிசையில் நிறுத்துவார்கள், அதற்குப் பிளாட்பாரம் போதுமா என்று ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகும் சாகக் கிடப்பவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவரும் போனார். ஆனால் தட்டக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டார். தலைமாட்டில் உட்கார்ந்து, இந்த வருஷம் பருத்தி எப்படி, எருமை கன்று போட்டதா என்று விசாரிப்பார். சிலர் பிழைத்தார்கள், சிலர் போனார்கள். போனவர்கள் கொஞ்சம் சுகமாகவே போனார்கள் என்று நினைக்கிறேன்.

என்னைத் திருச்சினாப்பள்ளிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். முப்பதுகள் முடியப்போகும் சமயம், பாயிடமிருந்து ஒரு கார்டு வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த தந்தி ஐயா எழுந்திருக்கவில்லை, கஷ்டப்படவில்லை, உங்களைப் பற்றி முந்தின நாள்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று எழுதியிருந்தார். கார்டு என் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. போய் ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் ஒரு காகிதத்தை எடுத்து, உறவினர் மரணம் என்று காரணம் காட்டி, ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

என்ன உறவு என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார்.

தாய்மாமன் என்றேன்.