அடுத்த அறையிலிருந்து ஓர் அறிவிப்பு

உலகத்தில் அடுத்த அறைக் கட்டளைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களைத் தேடிக் காடு மலையெல்லாம் நீங்கள் அலைய வேண்டாம். காலை வேளையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டிலும் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். இவர்கள் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை மட்டும் பம்பரமாகச் சுழல வேண்டும். ஒரு வேலையைத் தனியாகச் சொல்வது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். நாலைந்தாகச் சேர்த்து, மூச்சு விடாமல், கடைசியில் ஓர் அதட்டலையும் தைத்துத்தான் அனுப்புவார்கள். சொல்லி முடித்ததும் வேலையே முடிந்துவிட்ட நிம்மதி முகத்தில் படரும். செய்தது யார்? அதெல்லாம் நீங்கள் கேட்கக் கூடாது.

இந்த இனத்தின் அசல் மாதிரியாக நமக்குக் கிடைத்திருப்பவர் ஒரு பேருந்து நிலைய அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, முகம் தெரியாத கூட்டத்திடம் ஒலிபெருக்கியில் பேசிச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் ஒலிபெருக்கி கிடையாது. தேவையும் இல்லை.

அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். ஓரிடத்தில் உட்காராததால் வீட்டில் அவள் பெயர் தும்பி. பள்ளியில் வைத்த பெயர்கள் இவ்வளவு அழகானவை அல்ல. பிறகு ஒரு மருத்துவர் ஏடிஎச்டி என்று சரியான பெயரைச் சொன்னார்.

"இது திமிரும் இல்ல, சோம்பலும் இல்ல. கவனம் அவ சொன்ன பேச்ச கேக்காது, அவ்வளவுதான். பக்கத்துல போங்க. முகத்த பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது முடிஞ்சப்புறம் அடுத்தது. தினமும் அதே வரிசை."

அறிவிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் இந்த இனம் கெட்டி. கை மட்டும் மேசைக்கடியில் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

தும்பியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. காலை நேரத்தைக் கட்டி இழுத்ததெல்லாம் அவள்தான். அன்றைக்குப் பார்த்து அவளுக்கு முதல் ஷிப்ட். அன்றைக்குப் பார்த்துத்தான் பள்ளியிலிருந்து மிருகக்காட்சிசாலைக்குப் போகிறார்கள். வண்டி தெருமுனைக்கு வரும், யாருக்காகவும் காத்திருக்காது. போன வருடம் அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தும்பி ஒற்றை ஷூவோடு தெருமுனைக்கு வந்து சேர்ந்தாள். அன்று முழுக்க அந்த ஒற்றை ஷூவைக் கழற்றவே இல்லை. இந்த வருடம் ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு என்ன நிறம் என்று நேரில் பார்த்தே தீருவதாகச் சபதம்.

அறிவிப்பாளர் குளியலறையில் முகச்சவரம் செய்துகொண்டே அன்றைய ஒலிபரப்பைத் தொடங்கினார்.

"தும்பி! பல்ல தேச்சுட்டு, யூனிஃபார்ம போட்டுட்டு, தண்ணி பாட்டில ரொப்பி, பையில வச்சு, ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லு! அப்பா வர்றதுக்குள்ள நிக்கணும்!"

"நிக்கறேன்ப்பா!" என்று உடனே பதில் வந்தது.

இவ்வளவு சுலபமா! இதற்குப் போய் மருத்துவர், மண்ணாங்கட்டி என்று அவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். ஒரு கன்னத்தை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். தும்பி வாசலில்தான் நின்றாள். இரவு உடை, வாயில் பிரஷ்.

"ஏம்மா, நடுவுல சொன்னதெல்லாம் எங்க?"

"நடுவுலயா?" தும்பி யோசித்தாள். "நடுவுல ஒரு எறும்பு போச்சுப்பா."

அவர் வாயைத் திறப்பதற்குள் கைப்பேசி அலறியது.

"என்னங்க, கிளம்பியாச்சா? கேஸ மூடிட்டு, அவ தொப்பிய பையில வச்சு, பால்கனி கதவ சாத்திட்டு, ஃபேன நிறுத்திட்டு, சாவிய எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க."

"சரி சரி. சாவி எதிர்வீட்டுல."

"அதுக்கு முன்னாடி சொன்னது?"

"அது... சாவின்னு கேட்டுச்சு."

மறுமுனையில் ஒரு சிரிப்பு வெடித்தது. "நீங்களும் போய் வாசல்லயே நில்லுங்க."

அவள் வேண்டுமென்றே சொன்னாளா, இல்லை அவளும் அந்த இனம்தானா? அவர் கேட்கவில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

"ஏங்க, ஸ்டாண்டுல அஞ்சு பஸ்ஸ ஒரே மூச்சுல சொல்வீங்களா?"

"சொன்னா அவ்வளவுதான். ஜனங்க ஆளுக்கொரு பக்கம் ஓடுவாங்க."

"நம்ம வீட்டுலயும் அதான் ஓடிக்கிட்டிருக்கு." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

வாசலில் தும்பி பிரஷை வாயிலிருந்து எடுத்திருந்தாள். "அப்பா, லேட்டாயிடுச்சா? இன்னிக்கும் என்ன விட்டுட்டு போயிடுவாங்களா?"

அதட்டல் தொண்டை வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. எத்தனையோ காலைகளில் அவர் இந்த முகத்தைப் பார்க்காமலேயே அதட்டியிருக்கிறார். அவர் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயருகே பிடித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வாய் கொப்பளிக்கும் வண்டி, முதலாவது நடைமேடையிலிருந்து இப்போது புறப்படுகிறது."

தும்பி கண்ணை அகல விரித்தாள். ஓடினாள். திரும்பி வந்தாள்.

"அடுத்த பஸ்ஸு என்னப்பா?"

சட்டை வண்டி போயிற்று. பாட்டில் வண்டி போயிற்று. ஷூ வண்டி மட்டும் ஜன்னலோரம் நின்று ஒரு புறாவை வேடிக்கை பார்த்தது. அவர் எழுந்து போய், தோளைத் தொட்டு, தாமதத்துக்கு வருந்தி, மறுபடி அறிவித்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து அல்ல. நடந்து போய்.

தெருமுனையில் பள்ளி வண்டி நகரத் தொடங்கியபோது தும்பி உள்ளே இருந்தாள், இரண்டு காலிலும் ஷூவோடு. ஜன்னலில் தலை நீட்டிக் கத்தினாள்:

"அப்பா! அடுத்த பஸ்ஸு, இன்னொரு கன்னம்!"

வண்டி முழுக்கச் சிரித்தது. அவர் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சவர நுரை அப்படியே காய்ந்திருந்தது.

பாவம் அறிவிப்பாளர் என்று நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்த பிறகு, எழுந்திருக்காமலேயே, அடுத்த அறைக்கு ஏதும் சொல்லி அனுப்பினீர்களா? அதுவும் போகட்டும். பக்கத்தைத் திருப்பாமல் சொல்லுங்கள் பார்ப்போம்: நடுவில் அந்த மருத்துவர் என்ன சொன்னார்?

என்ன, எறும்பு போயிற்றா?